மின்நூல் வாங்குகிறீர்களா? என் 43 புத்தகம் போன கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து ஒத்துவரவில்லை. டேப்பில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று ஒரு செயலியில் மின்நூல்கள் வாங்க ஆரம்பித்தேன். நான்கு வருஷத்தில் 43 புத்தகம், 3,860 ரூபாய். எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது.

போன மாதம் டேப் உயிரை விட்டது. புது டேப்பில் அதே கணக்கைத் திறந்தேன். அட்டைப்படங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்னப் பூட்டோடு. தொட்டால் ‘கருவி வரம்பு முடிந்தது’. ஐந்து கருவிக்குத்தான் அனுமதியாம். எங்கள் வீட்டில் ஐந்து ஏது? அப்புறம்தான் புரிந்தது, என் போனை இரண்டு முறை ரீசெட் செய்ததால் அதை மூன்று போனாக எண்ணியிருக்கிறார்கள். செத்த டேப் ஒன்று, எப்போதோ விற்ற லேப்டாப் ஒன்று.

இடம் காலியாகட்டும் என்று போனிலிருந்து வெளியேறினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. காலியாகவில்லை, போனிலும் பூட்டு விழுந்தது.

வாடிக்கையாளர் சேவையில் மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு ஒருவர் சொன்னார்: “சார், நீங்க வாங்கினது புத்தகம் இல்ல, படிக்கிறதுக்கான உரிமம்.” பணம் கட்டிய பட்டனில் ‘வாங்கு’ என்றுதான் இருந்தது.

இந்தப் பூட்டுக்குப் பெயர் டிஆர்எம். கோப்பு நம்மிடம், சாவி விற்றவரின் சர்வரில். திருட்டைத் தடுக்கத்தான் என்கிறார்கள். என் 43-இல் பாதி டெலிகிராமில் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தவனுக்கு எந்தப் பூட்டும் குறுக்கே வரவில்லை. எழுதியவருக்குக் காசு போகட்டும் என்று கொடுத்த நான்தான் வெளியே நிற்கிறேன். அறிவியல் புனைகதைகள் வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாமலேயே விற்கிறது. ஒரு வருஷம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

பெரிய கடை என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள். கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் எடுத்துவிட்டது.

வாங்கும் முன், பல செயலிகளில் திறக்கும் பொது வடிவமான ஈபப் கோப்பாக, பூட்டில்லாமல் இறக்க முடிகிறதா என்று பாருங்கள். தெளிவாகப் போடவில்லையென்றால், இருப்பதிலேயே மலிவான புத்தகம் ஒன்றை வாங்கி வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா, அத்தோடு நிறுத்திவிடுங்கள். நான் 43 வரை போனேன்.

நேற்று அவர்களிடமிருந்து மன்னிப்பு மின்னஞ்சல் வந்தது, 200 ரூபாய் கூப்பனோடு. அதே செயலியில் 44-ஆவது புத்தகம் வாங்கலாமாம்.