பட்டர் புரூட்டை நிறுக்க ஒரு தராசு: எட்டு மாதம் பாவித்த பிறகு

ஹட்டன் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் இந்தத் தராசை வாங்கி எட்டு மாதமாகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வெள்ளை பிளாஸ்டிக், மேலே வட்டத் தட்டு, இரண்டு பென்டோர்ச் பெட்டரி, 5 கிலோ வரைக்கும் ஒவ்வொரு கிராமாகக் காட்டும். பல கடைகளில் பல பெயரில் இதே சாமான்தான் கிடக்கிறது, அதனால் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

கிளினிக்கில் சீனி கூடிப்போயிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று சொன்ன பிறகு கலோரி எழுத ஆரம்பித்தேன். சோறு, ரொட்டி எல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது, பழம்தான் பிடிபடவே இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் நடுத்தர வாழைப்பழம் ஒன்று 118 கிராம், 105 கலோரி என்று இருக்கும். நம் கடையில் தொங்குகிற அம்புல் குலையில் எது நடுத்தரம்? கோலிக்குட்டில் எது நடுத்தரம்? அதோடு அந்த 118 கிராம் தோல் உரித்த பிறகு உள்ள கணக்கு. வாழைப்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல்தான், அதனால் தோலோடு 150 கிராம் நிறுத்து அப்படியே எழுதினால் 134 கலோரி வரும், வயிற்றுக்குள் போனது 90 கலோரியளவுதான். இதை நான் இரண்டு மாதம் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன்.

வாழைப்பழத்தில் தப்பினால் பெரிய நட்டமில்லை. பட்டர் புரூட்டில் தப்பினால் ஒரு நேரச் சாப்பாட்டுக் கணக்கே மாறிவிடும். எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரத்தில் பருவத்துக்கு விழுகிற பழங்கள் அரைக் கிலோவுக்குக் குறையாது. ஒன்றை நிறுத்தேன்: முழுசாக 520 கிராம், கொட்டையும் தோலும் 150, சதை 370. நூறு கிராமுக்கு 160 கலோரி என்று போட்டால் 592. அதில் சீனியும் பாலும் போட்டு அடித்து இரண்டு பேர் குடித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ‘ஒரு பழம்தானே’ என்று நான் எழுதிவைத்திருந்தது 250. பப்பாசி நூறு கிராம் 43 கலோரிதான், ஸ்ட்ரோபெரி 32, அங்கேயெல்லாம் இருபது கிராம் கூடிக் குறைந்தால் ஒன்றும் ஆகாது. கொழுப்புள்ள பழத்துக்குத்தான் தராசு கட்டாயம் வேண்டும்.

இந்தத் தராசில் எனக்கு மிகவும் பிடித்தது பூச்சியமாக்கும் பட்டன். கிண்ணத்தை வைத்து அதை அமர்த்தினால் கிண்ணத்தின் எடை கழிந்துவிடும். அம்மா பார்த்ததும், “இது கூடைக்குக் கழிக்கிற மாதிரியா?” என்று கேட்டார். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் தண்ணிக்கு என்றும் ஒவ்வொரு நாளும் கிலோ கிலோவாகக் கழிந்துபோனதைப் பார்த்தவர், அதனால் கழிவு என்றால் அவருக்கு இன்றைக்கும் முகம் மாறும். இப்போது எங்கள் வீட்டில் பூச்சியம் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவர்தான்.

அந்தப் பட்டனில் இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வெட்டிய பாதிப் பழத்தைத் தட்டோடு வைத்துப் பூச்சியமாக்குங்கள், அப்புறம் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டுவிட்டு தோலையும் தட்டையும் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் வரும், அதுதான் நீங்கள் சாப்பிட்டது. பேஷன் புரூட்டுக்கும் அன்னமுன்னாவுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை, ஓடு, தோல், விதை என்று எதையும் தனியாக நிறுக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் குறையும் வருகிறது. இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டால் தானாகவே ஓஃப் ஆகி, போட்ட பூச்சியமும் போய்விடுகிறது. அன்னமுன்னாவை யார் இரண்டு நிமிஷத்தில் சாப்பிட்டு முடிப்பார்கள்? அதனால் முதல் எடையை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அடுத்தது, பேஷன் புரூட்டின் உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் எண் நகரவே இல்லை. பூச்சியத்துக்குப் பக்கத்தில் எடை மெதுவாக ஏறும்போது இந்த வகைத் தராசு அதைச் சும்மா ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பூச்சியத்துக்கே இழுத்துவிடும். ஒரேயடியாகப் போட வேண்டும். பெரிய தட்டு வைத்தால் எண் மறைந்துவிடுவதும் தொல்லைதான்.

சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க பார்மசியில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். பத்துத் தடவை விட்டபோது 199 காட்டியது, இன்னொரு நாள் 201. பழத்துக்கு இது தாராளமாகப் போதும். ஐந்து மில்லியை மட்டும் விட்டால் சில நேரம் 4, சில நேரம் 6, ஆகவே ஸ்ட்ரோபெரியை ஒவ்வொன்றாக நிறுக்காமல் கிண்ணத்தோடு நிறுங்கள். விடியற்காலைக் குளிரில் எண் கொஞ்சம் அலைகிறது, அரை நிமிஷம் ஓனில் விட்டு மறுபடி பூச்சியமாக்கினால் நின்றுவிடும்.

நுவரெலியாவில் இருக்கும் என் கூட்டாளி ஒருவர், இவ்வளவு உயரத்தில் தராசு குறைத்துக் காட்டாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், மேலே போகப் போகப் பூமியின் இழுப்பு குறைவதும் உண்மை. ஆனால் கடல் மட்டத்தோடு பார்த்தால் ஒரு கிலோவுக்குக் குறைவது அரைக் கிராம் அளவுதான். இருநூறு கிராம் பழத்தில் அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, இந்தத் தராசின் கண்ணுக்கே தெரியாது.

கலோரி எழுதுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மருந்துத்தூள் மாதிரி ஓரிரு கிராம் நிறுக்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. வாங்கும்போது முதலாளியிடம் சொல்லி பெட்டரி போடச் சொல்லுங்கள், ஒரு சவர்க்காரக் கட்டியைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எண் இரண்டு கிராமுக்கு மேல் மாறினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள், எனக்கு மூன்றாவது பெட்டியில்தான் நல்லது கிடைத்தது.