கருங்கடல் கெமென்சே: வாங்கலாமா?

கெமென்சே, துருக்கியில் வில்லால் இழுத்து வாசிக்கும் கம்பிக் கருவி. இஸ்தான்புல்லில் கலாட்டா கோபுரத்திலிருந்து துனெல் பக்கம் ஏறும் கலிப் தேதே தெருவில் வரிசையாக இசைக்கருவிக் கடைகள். வாசலில் தொங்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம். பளபளவென்று வார்னிஷ் அடித்த கெமென்சேக்களில் பல, சுவரில் மாட்டி வைக்கத்தான் லாயக்கு. என்னுடையது ஒரு சின்னக் கடையில் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தது. பிளம் மரத்தைக் குடைந்து செய்த ஒடுக்கமான பெட்டி, மேலே ஸ்ப்ரூஸ் பலகை, மூன்று கம்பி, அரை மீட்டரைவிடக் கொஞ்சம் நீளம். கருங்கடல் கரையிலுள்ள டிரப்சோன், கிரேசுன் பக்கத்து ஆட்கள் ஹோரோன் ஆட்டத்துக்கு வாசிப்பது இதைத்தான். பேரிக்காய் வடிவத்தில், கம்பியை நகத்தின் பக்கவாட்டால் தொட்டு வாசிக்கும் செவ்வியல் கெமென்சே வேறு. கடையில் கேட்கும்போது ‘கருங்கடல்’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

கர்னாடக வயலின் பழகிய கைக்கு முதல் சிக்கல் வில். முடியை இறுக்கும் திருகாணியே கிடையாது, குதிரைவால் முடி தொளதொளவென்று கிடக்கும். விரலை முடிக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, வாசித்துக்கொண்டே இறுக்க வேண்டும். மணிக்கட்டு கெஞ்சும். ஆனால் பழகிவிட்டால், அழுத்தம் கூட்டுவதும் குறைப்பதும் விரல் நுனியிலேயே இருக்கிறது. இந்த வசதி என் வயலின் வில்லில் இல்லை.

சுருதி சேர்ப்பது இன்னும் வேடிக்கை. நாம் வயலினின் நான்கு கம்பியையும் ஸ-ப-ஸ-ப வைப்போம். இங்கே தடித்த கம்பி ஸ என்றால் அடுத்தது ம, அதற்கடுத்தது கைசிகி நி. இரண்டு கம்பியின் மீதும் ஒரே விரலைப் படுக்க வைத்து இரண்டையும் சேர்த்து இழுப்பார்கள். ஒவ்வொரு சுரத்தோடும் அதிலிருந்து நான்காவதான மத்யமமும் ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கீச்சென்ற இரட்டைக் குரல்தான் இதன் உயிர். ஹோரோன் மெட்டுகள் பெரும்பாலும் 7 மாத்திரை, அதுவும் படுவேகம். நீளமான கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு) இடமில்லை, அடுத்தடுத்து சின்னச் சின்ன உதறல்தான். ஆற அமர தோடி ராகம் வாசிக்கலாம் என்று யாரும் வாங்கிவிடாதீர்கள்!

குறை என்றால், கம்பியை முறுக்கும் பிருடை. துளையைச் சரியாகக் கடையாததால், சுருதி சேர்த்துக் கீழே வைப்பதற்குள் நழுவும். கடைக்காரரிடம் காட்டினால் “சுண்ணக்கட்டி தடவுங்க” என்று சிரித்தார். தடவினால் ஒரு பாட்டு தாங்கும், அவ்வளவுதான். கடைசியில் நம்மூரில் வயலின் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத்தான் சரியாயிற்று. நீங்கள் வாங்கினால் மூன்று பிருடையையும் கடையிலேயே முறுக்கிப் பாருங்கள். கூடவே தரும் வில்லையும் வாங்கி இழுத்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் முடி பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது.

வயலின் தெரிந்து, புதிதாக ஒன்றோடு மல்லுக்கட்ட ஆசையுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் யோசியுங்கள், சத்தம் சுவரைத் துளைக்கும். இழுத்து இழுத்து வாசிக்க வேண்டுமென்றால் அதே தெருவில் கபாக் கெமானே கிடைக்கும். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தியது, குரல் கனிவாக இருக்கும். ஆனால் தோல் ஈரக்காற்றில் தளரும், சென்னைக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.