பதினோரு சொல்லுக்கு ஒரே ‘பயங்கரமான’: ஒரு சொல் அட்டைப் பெட்டி

கோவை காந்திபுரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிற மாடிகளுக்குக் கீழே, ஜெராக்ஸ் கடைகளில் இந்தப் பெட்டி கிடைக்கிறது. 60 அட்டை, 180 ரூபாய். அதிர்ச்சி, கொடூரம், அருவருப்பு ஆகியவற்றைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள் மட்டும்தான் உள்ளே. சொல் தேர்வில் குறை சொல்ல இடமில்லை. ஷாக்கிங், டிஸ்கஸ்டிங் போன்ற தினசரிச் சரக்கிலிருந்து எக்ரீஜியஸ் (egregious) வரை வைத்திருக்கிறார்கள். தாளும் கெட்டி. சிக்கலெல்லாம் அட்டையைத் திருப்பினால்தான்.

பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, ஒற்றைச் சொல்லில் பொருள், ஒரு வாக்கியம். 11 அட்டைகளில் பொருள் ‘பயங்கரமான’ என்றே அச்சாகியிருக்கிறது. ஹாரிபிள், டெரிபிள், காஸ்ட்லி (ghastly), கிரிஸ்லி (grisly), அப்பாலிங் (appalling) எல்லாவற்றுக்கும் அதே முத்திரை. ‘பள்ளிபாளையம் சிக்கன் பயங்கரமா இருந்துச்சுங்க’ என்றால் ஈரோட்டில் அது பாராட்டு. அட்டையை நம்பி அதையே ‘ஹாரிபிள்’ என்று சொன்னால் சமையல்காரர் முகம் சுண்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. டெரிபிள், டெரிஃபிக் இரண்டும் அச்சுறுத்துவது என்ற ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. முதலாவது படுமோசம், இரண்டாவது இன்று பிரமாதம். டெரிஃபிக் அட்டையிலும் ‘பயங்கரமான’ என்று போட்டது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

உச்சரிப்பில் 17ஆம் அட்டை ஒன்றே போதும். ‘காஸ்ட்லி’ என்று அச்சாகியிருக்கிறது, வேறு குறிப்பு இல்லை. படிக்கிறவருக்கு விலை அதிகம் என்பதுதான் தோன்றும். தமிழில் க ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்வதால் வந்த வினை. ‘கங்கை’ என்பதன் முதல் ஒலிபோல அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி போதும். எழுத்தில் ஜி-க்குப் பின்னால் ஒரு ஹெச் நிற்கிறது. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லின் செல்வாக்கில் அது நுழைந்தது. அந்த நினைவு இருந்தால் எழுத்தும் தப்பாது, விலையும் குறுக்கே வராது. இன்னொரு அட்டையில் ‘ஹீனியஸ்’ என்று போட்டிருப்பது நேர்ப்பிழை. ஹேனஸ் (heinous) என்பதுதான் சரி. நம்மூர் ‘ஈனம்’ காதில் விழுவதால் பலரும் இப்படித்தான் இழுக்கிறார்கள். ஆனால் ஹேனஸ் வெறுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

இந்தச் சொற்களுக்குத் தேவை பொருளைவிட ஜோடி. எது எதோடு ஒட்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை வாங்கியவர்கள் முதலில் வரிசை எண்ணை மறந்துவிட்டு அட்டைகளைக் குவியலாகப் பிரிப்பது நல்லது. மூக்கும் நாக்கும் சம்பந்தப்பட்டவை ஒரு குவியல்: ஃபவுல், ரிவோல்டிங், நாஷியேட்டிங். ஓங்கரிப்பு வந்தால் இங்கே கை வைக்கலாம். ரத்தமும் பிணமும் தெரிகிற இடத்துக்குக் கிரிஸ்லி, குரூசம் (gruesome). குற்றத்தின் கொடுமைக்கு ஹேனஸ், அட்ரோஷியஸ். கெட்ட நிலைமையைப் பார்த்து முகம் வெளிறினால் அப்பாலிங்; வெளிறுவதுதான் அதன் வேர்ப்பொருளே. சாயக்கழிவு ஓடிய காலத்து நொய்யலை எழுதுவதானால் ஆற்றின் நிலைமை அப்பாலிங், அதன் நாற்றம் ஃபவுல். மாற்றிப் போட்டாலும் புரியும், ஆனால் இந்த ஜோடிகள் இயல்பாக ஒட்டும். எக்ரீஜியஸ் தனிக்கட்டை. மந்தையிலிருந்து விலகி நிற்பது என்று பொருள், ஒரு காலத்தில் புகழ்ச்சி. இன்று கண்ணை உறுத்துகிற தவறுக்கு மட்டும்.

23ஆம் அட்டையின் வாக்கியத்தில் ‘வெரி அப்பாலிங்’ என்று இருக்கிறது. ‘ரொம்பப் படுமோசம்’ என்று நாம் சொல்கிறோமா? ‘படு’விலேயே உச்சம் வந்துவிட்டது. அதுபோல அப்பாலிங், அட்ரோஷியஸ் வகையறாவுக்கு முன்னால் அப்சல்யூட்லி அல்லது அட்டர்லி வரலாம், வெரி பொருந்தாது. வெரி ஷாக்கிங் மட்டும் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது.

ரிபக்னன்ட் அட்டையில் ‘வெறுக்கத்தக்க’ என்பது சரிதான். சட்டம் படிப்பவர்களுக்கு அது போதாது. அரசியலமைப்பின் 254ஆம் பிரிவில் இந்தச் சொல்லுக்கு அருவருப்பு என்ற வாடையே கிடையாது. மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்படுவதைத்தான் குறிக்கிறது. எதிர்த்துச் சண்டையிடுவது என்ற வேர்ப்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

டிஸ்கஸ்டிங், டிஸ்கஸ்டட் இரண்டும் அடுத்தடுத்த அட்டைகள், வித்தியாசம் சொல்லப்படவில்லை. ‘ஐ ஆம் டிஸ்கஸ்டிங்’ என்றால் நானே அருவருப்பானவன் என்று அர்த்தமாகிவிடும். அருவருப்பைத் தருவதற்கு -இங், அருவருப்புப் பட்ட மனுசனுக்கு -எட். இதற்கு ஒரு வரி ஒதுக்காதது பெட்டியின் மிகப்பெரிய குறை.

திருப்பூரில் துணி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறவர்கள் இதை நம்பி, துணி வாங்கும் பையருக்கு மெயில் எழுத வேண்டாம். துணியில் வாடை வந்தால் அங்கே ‘அன்அக்செப்டபிள்’ என்பதே போதுமான காரம். டிஸ்கஸ்டிங் என்று எழுதினால் சரக்கைப் பற்றிய பேச்சு சண்டையாகிவிடும். எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்ற குறிப்பு ஒரு அட்டையிலும் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுக்கு இணைச்சொல் படிப்பவர்களுக்கு, பின்பக்கத்தைத் திருத்திக்கொண்டால், 180 ரூபாய் தகும். பேசப் பழகுபவர்களுக்குத் தகாது. பெட்டியின் கடைசியில் ஆறு வெற்று அட்டைகள் இருக்கின்றன. முதலாவதில் ‘ரான்சிட்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். சிக்கு வாடை அடிக்கிற தேங்காயெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். தேங்காயெண்ணெய்க்குப் பேர்போன காங்கயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அச்சடித்தும் அதை விட்டுவிட்டார்கள்.