மொட்டைமாடி ஏடிஎஸ்-பி ரிசீவர்: ஏழு வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீடு அனகாபுத்தூரில். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு மேற்கே, விமானங்கள் இறங்கி வரும் வழியை ஒட்டி இருக்கிறது. மாடியில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்த்தால் சக்கரங்கள் தெரியும். சின்ன வயதில் தொடங்கிய விமானப் பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

2018 ஆகஸ்டில் அந்த மாடியில், விமானங்கள் அனுப்பும் தகவலைக் கேட்கும் ஏடிஎஸ்-பி ரிசீவர் ஒன்று வைத்தேன். பழுதாகிக் கிடந்த நாட்கள் போக, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனங்களில் மழையும் வராது, மின்வெட்டும் வராது. அதனால் ஏழு வருடத்தில் பார்த்ததை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ கருவி, தான் இருக்கும் இடத்தை நொடிக்கு இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே போகும். உயரம், வேகம், அழைப்புப் பெயர் எல்லாம் வரும். ஒவ்வொரு செய்தியும் 112 பிட், 120 மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். பூட்டு எதுவும் கிடையாது, ஆன்டெனா வைத்திருப்பவர் எவரும் கேட்கலாம். டிவி பார்ப்பதற்காக வந்த ஆர்டிஎல்2832யு சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) இதையும் கேட்கும் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு நம் மாதிரி ஆட்களின் கைக்கு வந்தது. டாங்கிளை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் செருகி, டம்ப்1090 அல்லது ரீட்எஸ்பி மென்பொருளைப் போட்டால் நம் வீட்டு வரைபடத்தில் விமானங்கள் நகர ஆரம்பித்துவிடும்.

எனக்கு ஆரம்பச் செலவு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை, இரண்டு மாத பில்லில் ஏழு யூனிட் கூடும்.

இந்த ஏழு வருடத்தில் நான் உறுதியாகக் கற்றது ஒன்றுதான். பெட்டிக்குச் செலவழிக்காதீர்கள், உயரத்துக்கும் கேபிளுக்கும் செலவழியுங்கள். முதல் ஆறு மாதம் டாங்கிளோடு வந்த காந்த அடி ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் ஒட்டி வைத்திருந்தேன். நூறு கிலோமீட்டர் எட்டினாலே பெரிய விஷயம். பிறகு 6.9 செ.மீ. நீளத்துக்குச் செம்புக் கம்பி வெட்டி, கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா ஒன்றை நானே செய்தேன். மேலே ஒரு கம்பி, கீழே சாய்த்து விட்ட நாலு கம்பி, அவ்வளவுதான். அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே குழாயில் நட்ட அன்று இரவே திரையில் பெங்களூருக்கு மேலே போகும் விமானங்கள் வந்துவிட்டன. அதே டாங்கிள், அதே கணினி. மாறியது ஆன்டெனாவும் பன்னிரண்டு அடி உயரமும் மட்டும்.

கேபிளில்தான் ஏமாந்தேன். மெல்லிசாக, வளைக்கச் சுலபமாக இருக்கிறதே என்று ஆர்ஜி-58 வாங்கினேன். 1090 மெகாஹெர்ட்ஸில் அது பத்து மீட்டர் ஓடுவதற்குள் முக்கால்வாசி சக்தியைத் தின்றுவிடும். எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கும் அண்ணன்தான் ஒரு நாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஒயர்ல எங்க சேனலே வராது" என்றார். அவரிடமிருந்தே ஆர்ஜி-6 பன்னிரண்டு மீட்டர் வாங்கினேன். இது 75 ஓம் கேபிள், டாங்கிளுக்குப் பொருந்தாது என்று நிறைய பேர் பயமுறுத்துவார்கள். கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தும்போது அந்த இழப்பு சொற்பம். பாதிக்கு மேல் சிக்னல் பத்திரமாகக் கீழே வருகிறது.

2020 கடைசியில் நாலு வீடு தள்ளி ஒரு கட்டடத்தின் மேல் மொபைல் டவர் முளைத்தது. அன்றிலிருந்து செய்திகளின் எண்ணிக்கை சரிபாதி ஆகிவிட்டது. டாங்கிள் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன், அதிலும் அதே கதை. டவர் பேசுவது 850, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பக்கத்தில் ஒருவர் சத்தமாகக் கத்தினால் தூரத்துப் பேச்சு காதில் விழாது அல்லவா, அதேதான். 1090-ஐ மட்டும் விடும் ஒரு சின்ன ஃபில்டர் போட்டதும் சரியானது. நகரத்துக்குள் இருப்பவர்கள் முதல் நாளே ஃபில்டர் வாங்கிவிடுங்கள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைத்தால் தூரத்து விமானம் நன்றாகக் கேட்கும் என்று தோன்றும். தலைக்கு மேலே இறங்கும் விமானத்தின் சிக்னல் அவ்வளவு பலமாக வந்து மோதுவதால், அந்தச் செய்தியே சிதைந்துபோகும். நான் ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் ஆனது. அந்தப் பொறுமைக்குப் பலன் இருந்தது.

மெமரி கார்டுகள் மூன்று போயின. முதலாவது பதினாலே மாதம். மின்வெட்டு ஒரு காரணம், ஓயாமல் கார்டில் எழுதிக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம். பதிவுகளை ராம் நினைவகத்தில் மட்டும் வைக்கும்படி மாற்றி, கணினியை இன்வெர்ட்டர் லைனுக்குக் கொண்டுபோன பிறகு நாலாவது கார்டு இன்றும் ஓடுகிறது. அடாப்டரும் முக்கியம். பழைய மொபைல் சார்ஜர் போதும் என்று நினைக்காதீர்கள். மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் காரணமே தெரியாமல் நின்று நின்று ஓடும்.

மழைதான் ஆன்டெனாவுக்குப் பரீட்சை. ஐப்பசியில் இணைப்பு வழியாக நீர் இறங்கினால் கார்த்திகைக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். வருடம் ஒருமுறை பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றுங்கள். இடி இருந்தால் கேபிளைக் கழற்றிவிடுவேன், அதில் யோசிக்கவே மாட்டேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது?

எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது கடற்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேற்குக் காற்று அடிக்கும். விமானங்கள் கடல் பக்கம் போய்த் திரும்பி, கிழக்கிலிருந்து 25-ஆம் ஓடுபாதையில் இறங்கும். ஏறுபவை எங்கள் தலைக்கு மேலே முழு இரைச்சலோடு ஏறும். பகல் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கிழக்கே வரிசையில் நிற்கும் விமானங்களில் ஒன்று திடீரென்று வளையும். பின்னாலேயே அடுத்ததும் வளையும். பத்து நிமிடத்தில் மொத்த வரிசையும் மேற்கே வந்து, அதே ஓடுபாதையின் மறுமுனையான 07-க்கு எங்கள் வீட்டு மேலே இறங்க ஆரம்பிக்கும். விமான நிலையத்தைக் கடற்காற்று தொட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊர் இன்னும் உள்ளே இருப்பதால் அந்தக் காற்று எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அம்மா இந்த வரைபடத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் சத்தத்தை வைத்தே, "இறங்க ஆரம்பிச்சுடுச்சுடா, காத்து வந்துடும், ஜன்னலத் தொற" என்பார். நான் திரையில் பார்த்து ஒரு வருடம் கழித்துப் புரிந்துகொண்டதை அவர் முப்பது வருடமாகத் தெரிந்து வைத்திருந்தார்.

அப்புறம் தொடுவானம். 2022 டிசம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் சேவை மறுபடி தொடங்கியதும் காற்றாடி வைத்த அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தை அது பறந்த நாட்களிலெல்லாம் பின்தொடர்ந்தேன். சிக்னல் நேர்கோட்டில் போவதால் பூமியின் வளைவுக்குக் கீழே போன விமானம் நமக்குக் கேட்காது. 35,000 அடியில் போகும் ஜெட் சுமார் 425 கிலோமீட்டர் வரை கேட்கும். ஏடிஆர் அதில் பாதி உயரத்தில்தான் போகும், அதனால் முந்நூறு கிலோமீட்டர் அளவோடு சரி. கோடிக்கரையை நெருங்கும்போது திரையிலிருந்து மறைந்துவிடும். அதே நேரம் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே உயரத்தில் போகும் ஜெட் தெளிவாகத் தெரியும். பள்ளியில் பூமி உருண்டை என்று படித்ததை என் வீட்டுத் திரையில் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

விமானத்தின் அடையாள எண்ணைப் பார்த்தே நாட்டைச் சொல்லப் பழகிவிடுவீர்கள். 80 முதல் 83 வரையில் தொடங்கினால் இந்தியப் பதிவு, 770 என்றால் இலங்கை.

"இதெல்லாம் மொபைல் ஆப்பிலேயே வருமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆப்புக்கு ஆகாயம் தெரிவதே இப்படி மாடியில் ஆன்டெனா வைத்தவர்களால்தான். ஃப்ளைட்ரேடார்24 கூட 2006-இல் ஸ்வீடனில் இரண்டு ஆர்வலர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். தரவு கொடுத்தால் பதிலுக்குக் கட்டணக் கணக்கை இலவசமாகத் தருகிறார்கள், அது நல்ல பரிமாற்றம்தான். ஆனால் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் சில விமானங்களைத் தளங்கள் மறைத்துவிடும். சொந்த ரிசீவரில் வந்தது வந்தபடி தெரியும். பொறுப்பும் அதோடு வருகிறது. தாம்பரம், அரக்கோணம் பக்கத்து ராணுவ விமானங்கள் எப்போதாவது திரையில் வந்தால் நான் படம் எடுத்துப் பகிர மாட்டேன். குழுவில் பகிர்பவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு மனக்குறை உண்டு. 2023 தொடக்கத்தில் ஆர்வலர்கள் இலவசமாகத் தரவு கொடுத்து வளர்த்த ஒரு பெரிய தளம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நானும் அதற்கு நாலரை வருடம் கொடுத்திருந்தேன். விற்பது அவர்கள் உரிமை என்றாலும், கொடுத்தவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று இரவே என் தரவை நிறுத்தினேன்.

இன்னொன்று, திரையில் வருவதைக் கண்ணால் பார்க்க நமக்கு இடமே இல்லை. பல நாடுகளில் ஓடுபாதை ஓரமாகவே பார்க்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே மதிலோரம் கேமராவோடு நின்றால் ஐந்தாவது நிமிடம் விசாரணை. பாதுகாப்புக் காவலர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அடையாள அட்டை பார்த்து, நேரம் குறித்து, ஒரு மூலையை ஒதுக்கினால் இரு தரப்புக்கும் நிம்மதி. அதுவரை பரங்கிமலை உச்சிதான் கதி. மேலேயிருந்து ஓடுபாதை முழுவதும் தெரியும், சாயங்கால வெளிச்சம் அருமையாக இருக்கும்.

2022 ஜூலையில் ஏர்பஸ் பெலூகா என்ற ராட்சதச் சரக்கு விமானம் முதன்முறையாகச் சென்னையில் எரிபொருள் நிரப்ப இறங்கியது. என் ரிசீவரில் ஏ3எஸ்டி என்ற வகைக் குறியீடு வந்து, போனும் மணியடித்தது. நான் கிண்டியில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருப்பது அது போன தடம் மட்டும், அதை அச்சிட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மற்ற நாட்களில் வகைப் பட்டியலைத் திறந்தால் ஏ20என் (ஏர்பஸ் ஏ320நியோ), ஏ21என் (ஏ321நியோ), மறுபடி ஏ20என். சிக்கனமான, பாதுகாப்பான விமானங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏடிஆரின் காற்றாடிச் சத்தம் கேட்டால் இன்னமும் மாடிக்கு ஓடுகிறேன்.

மிக்ஜாம் புயலன்று, 2023 டிசம்பர் 4, விமான நிலையத்தை மூடினார்கள். மறுநாள் காலை வரை திறக்கவில்லை. எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, அடையாற்றில் வெள்ளம். காற்று பலமாகும் முன்பே ஆன்டெனாவை இறக்கி மாடிப்படி அறையில் சாய்த்து வைத்திருந்தேன். ரிசீவரும் வைஃபை பெட்டியும் இன்வெர்ட்டரில் ஓடின. இணையம் இல்லாததால் வரைபடத்தில் ஊரும் இல்லை, கடலும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதில் இரண்டே இரண்டு விமானக் குறிகள், இரண்டும் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல், மேகத்துக்கு மேலே வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவங்களுக்குக் கீழ மழை பெய்யுறது தெரியுமாடா?" என்று கேட்டார். மெழுகுவத்தி அணையும் வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: ஃபில்டர் உள்ளேயே இருக்கும் டாங்கிள், பழைய ராஸ்பெர்ரி பை 3, கேபிள்காரரிடம் ஆர்ஜி-6, நல்ல அடாப்டர். ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் நீளமான குழாய் வாங்குங்கள். எதிரில் உயரமான கட்டடம் இருந்து, கீழ்த்தளத்து பால்கனி மட்டும்தான் உங்களுக்கு என்றால், இதில் பணம் போடாதீர்கள்.

பம்மலில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். என் பழைய டாங்கிளைக் கொடுத்தனுப்பினேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை என்று தினமும் செய்தி அனுப்புகிறான். போய்ப் பார்த்தேன், ஆன்டெனா தென்னை மரத்துக்குக் கீழே இருக்கிறது. அவன் அப்பாவிடம் பேசியாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால், மழை பிடிப்பதற்குள், தொட்டிக்கு மேலே ஏற்றிவிடுவோம்.