சிட்னி ஐரிஷ் மளிகைக் கடை: டீத்தூள் கண்ணை மூடிட்டு வாங்கலாம், சிப்ஸ்க்கு மட்டும் தேதி பாருங்க

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன், கீழ கொஞ்சம் திட்டிருக்கேன், சின்னக் கடை, ஒரு அம்மாவும் ஒரு பையனும்தான் நடத்துறாங்க, பொழப்ப கெடுக்க வேணாம். சிட்னி கிழக்குப் பக்கம், பாண்டை ஜங்ஷன்லேருந்து கூஜி போற வழில இருக்கு, ரோட்ல போற எந்த ஐரிஷ் பையன கேட்டாலும் காட்டுவான். அந்த ஏரியால ஐரிஷ்காரங்களுக்குப் பஞ்சமே இல்ல, கிண்டலா 'கவுண்டி கூஜி'ன்னே சொல்லுவாங்க (கவுண்டின்னா அயர்லாந்துல நம்ம மாவட்டம் மாதிரி).

நமக்கும் ஐரிஷ் கடைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க ஷேர் வீட்ல ரெண்டு ஐரிஷ் ஆளுங்க. ஒருத்தன் மேயோங்கிற கவுண்டிக்காரன், பில்டிங் சைட்ல சாரம் கட்டுற வேலை, விடியறதுக்கு முன்னாடியே பூட்ஸ் சத்தம் கேக்கும். இன்னொண்ணு கெர்ரி கவுண்டிப் பொண்ணு, நர்ஸ். ரெண்டு பேரும் ஊர்ல வேலை இல்லாம வந்தவங்க இல்ல, வேலை இருந்துச்சு, தலைநகர் டப்ளின் வாடகைக்குத்தான் அந்தச் சம்பளம் பத்தல. அவங்க ஊரு அரசு புள்ளிவிவரப்படி 2024 ஏப்ரலோட முடிஞ்ச ஒரு வருஷத்துல மட்டும் 10,600 பேர் ஆஸ்திரேலியாக்குக் கிளம்பிருக்காங்க, அதுக்கு முந்தின வருஷம் 4,700தான். இந்தக் கடை ஏன் சனிக்கெழம நெரியுதுன்னு இப்ப புரியும்.

சரி, டீ. இங்க வாங்க வேண்டியதே இதுதான். பேரிஸ் டீ, 1901லேருந்து இருக்கு, அயர்லாந்துல கார்க்ங்கிற ஊர்க் கம்பெனி, கோல்ட் பிளெண்ட்னு ஒரு செவப்பு டப்பா, 80 பை. இலை கென்யா, ருவாண்டா, அஸ்ஸாம்லேருந்து போகுது, அதனால நம்ம நாக்குக்கு ஒண்ணும் அந்நியமா இருக்காது, செம ஸ்ட்ராங். பக்கத்துலயே லயன்ஸ்னு இன்னொரு ஐரிஷ் டீ அடுக்கிருப்பாங்க. கார்க், கெர்ரி பக்கமெல்லாம் பேரிஸ்தான், டப்ளின்காரங்க லயன்ஸ்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா எங்க மேயோ பையன் வீட்ல பரம்பரையா லயன்ஸாம், அதனால எங்க கிச்சன்ல ரெண்டு டப்பா, ரெண்டு கட்சி. பால் பொது, வெண்ணெய் பொது, டீக்கு மட்டும் மார்க்கர்ல பேரு எழுதி வச்சிருக்காங்க! பையை கொதி தண்ணில நல்லா ஊற விட்டு கடைசில பால் ஊத்தணும், அதான் அவங்க முறை. நான் ஒருநாள் பேரிஸ் பைய கிழிச்சு பால்லயே போட்டு இஞ்சி தட்டிக் கொதிக்க வச்சேன், கெர்ரி பொண்ணு பாத்த பார்வை இருக்கே, கொலக்குத்தம் பண்ணவன பாக்குற மாதிரி, ஆனா குடிச்சுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டா, அது வேற விஷயம். என் ஓட்டு பேரிஸ்க்கு. விலை ஊர்ல வாங்குறத விட கிட்டத்தட்ட ரெட்டிப்புன்னு அவங்களே பொலம்புறாங்க, இருந்தும் வாங்குறாங்க.

அடுத்து டேய்ட்டோ சிப்ஸ், கடைய பத்தி என் பெரிய கம்ப்ளெயிண்ட் இங்கதான். 1954ல டப்ளின்ல ஜோ மர்ஃபின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி, அதுக்கு முன்னாடி சிப்ஸ்னா வெறும் சிப்ஸ், கூட உப்புப் பொட்டலம், அவ்ளோதான், சீஸ் ஆனியன் மசாலாவ தடவி விக்க ஆரம்பிச்சது இவங்கதான்னு சொல்றாங்க. இத அப்படியே திங்கிறது ஒரு வகை. இன்னொரு வகை, வெள்ள பிரெட்ல வெண்ணெய் கனமா தடவி, நடுவுல சிப்ஸ கொட்டி, உள்ளங்கையால ஒரு அமுக்கு, நொறுங்குற சத்தம் கேட்டதும் வாயில. எனக்கும் மொதல்ல என்னடா இதுன்னுதான் இருந்துச்சு, இப்ப நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா நானே செஞ்சுக்குறேன். பிரச்சன என்னன்னா கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள பாதி ஆயுசு முடிஞ்சிடுது, அந்த அலமாரில இருக்குற பாதி பாக்கெட்டுக்கு தேதி முடிய ரெண்டு வாரம் கூட இல்ல, அத முழு விலைக்கு வைக்கிறது நியாயமே இல்ல. கேட்டா அந்தம்மா சிரிச்சுட்டே கொறச்சுக் குடுப்பாங்க, கேக்காதவங்களுக்குக் கெடையாது. போர்டு வச்சு விக்கலாம்ல?

சாக்லேட் வேணும்னா ஐரிஷ் கேட்பரி எடுங்க, டப்ளின்ல கூலாக்ங்கிற எடத்துல தயாராகுறது, இங்க சூப்பர்மார்க்கெட்ல கெடைக்கிற ஆஸ்திரேலிய கேட்பரிய விட பால் ருசி தூக்கலா இருக்கு. கண்ணக் கட்டிட்டு டெஸ்ட் வச்சோம், மேயோ பையன் சரியா கண்டுபிடிச்சான், நான் ஊகத்துல சொல்லி ஜெயிச்சேன். பிஸ்கட் சுமார்தான், கிம்பர்லி ஒண்ணு மட்டும் ஓகே.

ஃப்ரிட்ஜ்ல பிளாக் புட்டிங் இருக்கும், நம்ம ஆட்டு ரத்தப் பொரியலுக்குத் தூரத்துச் சொந்தம், இது பன்னி ரத்தம், ஓட்ஸ் சேத்து உருட்டி வச்சிருப்பாங்க, வட்டமா வெட்டி வறுக்கணும். ஆனா இது அயர்லாந்துலேருந்து வந்தது இல்ல, நம்பிடாதீங்க. ஆஸ்திரேலியாக்குள்ள ஊர்லேருந்து கறி சாமான் கொண்டு வர விடமாட்டாங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிக் குப்பைல போட்டுடுவாங்க, அதனால இங்கயே இருக்குற ஐரிஷ் கறிக்கடைக்காரங்க அவங்க பக்குவத்துல செய்றது. மிளகு கம்மின்னு கெர்ரி பொண்ணு சொல்லுவா, தட்டு காலியாதான் திரும்பும்.

கல்லாப்பெட்டிகிட்ட நடக்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பில் போடுறதுக்கு முன்னாடி அந்தம்மா கேக்குற மொத கேள்வி எந்தக் கவுண்டி. மேயோன்னா மேயோல எங்க, அந்த ஊருன்னா எந்தப் பக்கம், சர்ச்சுக்கு மேலயா கீழயா, அப்ப உனக்கு இன்னார தெரியுமா, பின்னாடி வரிசைல நிக்கிறவளுக்கு அவரு மாமா முறைன்னு அங்கயே ஒரு பஞ்சாயத்து ஓடும், என் பால் பாக்கெட் சூடாயிட்டு இருக்கும். புதுசா வந்த பசங்களுக்கு, வேலை பாத்துட்டே ஊர் சுத்துற வொர்க்கிங் ஹாலிடே விசாவ ரெண்டாவது தடவ வாங்க செய்ய வேண்டிய 88 நாள் பண்ணை வேலை எங்க பாக்கலாம், எந்த ஹாஸ்டல் மோசம், எவன் கூலிய ஏமாத்துறான்னு எல்லா தகவலும் அந்த வரிசைலயே கெடைக்கும். எங்க மேயோ பையன் குயின்ஸ்லாந்துல வாழத்தோட்டத்துல 40, 50 கிலோ தார தோள்ல சுமந்து அத முடிச்சவன், இப்ப புதுப்பசங்களுக்குப் பெரிய வாத்தியார் கணக்கா புத்தி சொல்றான்.

இன்னொண்ணும் எழுதணும். போன ஜூன்ல அவனோட பாட்டி தவறிட்டாங்க. அவங்க ஊர்ல செத்து ரெண்டு மூணு நாள்ல அடக்கம் பண்ணிடுவாங்க, டிக்கெட் போட்டு இங்கேருந்து போய்ச் சேர்றது நடக்காத காரியம். இப்ப நெறைய சர்ச்ல வெப்கேம் இருக்கு, அங்க காலைல 11 மணி பூசை, இங்க ராத்திரி 8. லேப்டாப்ப சாப்பாட்டு மேசைல வச்சுட்டு சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டு வந்து உக்காந்தான், யாரு பாக்கப் போறா, ஆனாலும் போட்டிருந்தான். கேமரா சர்ச் மேலருந்து பாக்குது, எல்லாருக்கும் உச்சந்தலைதான் தெரியுது, அதுலயே அது அப்பா, அது பெரிய அக்கான்னு எங்களுக்குக் காட்டிட்டே இருந்தான். அவங்க ஊர் எழவு வீட்ல டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கண்டிப்பா இருக்கணுமாம், கெர்ரி பொண்ணு சாயங்காலமே இந்தக் கடைக்கு ஓடி சாமான் வாங்கிட்டு வந்தா. வெவரம் கேட்ட அந்தம்மா பிரெட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் காசு வாங்கல, லயன்ஸ் ஒரு டப்பாவும் சேத்துப் பையில வச்சு விட்டாங்க, அவன் லயன்ஸ் குடிக்கிறவன்னு ஞாபகம் வச்சிருந்துருக்காங்க பாருங்க. அன்னைக்கு கெர்ரி பொண்ணும் வாய் பேசாம லயன்ஸே குடிச்சா.

இதுக்காக சிப்ஸ் விஷயத்த மன்னிச்சிடலாமான்னா, மாட்டேன், மார்க்கு அஞ்சுக்கு மூணரதான்.

போறவங்களுக்கு: சனிக்கெழம மத்தியானம் போகாதீங்க, கால் வைக்க எடம் இருக்காது. டிசம்பர் தொடக்கம் அதவிட மோசம், அவங்க ஊரு டிவில கிறிஸ்மஸுக்கு வர்ற லேட் லேட் டாய் ஷோங்கிற நிகழ்ச்சி அங்க வெள்ளி ராத்திரி, இங்க சனி காலைல ஓடும், அத குடும்பமா பாக்குறது அவங்களுக்கு வழக்கம், இங்க 30 டிகிரி வெயில்ல கம்பளி ஸ்வெட்டர் மாட்டிட்டு பாக்குற கூட்டத்துக்கு முந்தின நாளே சாக்லேட் அத்தனையும் காலியாயிடும். கார்டு வாங்குவாங்க, எக்ஸ்ட்ரா சார்ஜ் உண்டு. பார்க்கிங் கெடையாது, பஸ்ல போங்க. தேதி கிட்ட வந்த பாக்கெட்டா இருந்தா வாயத் தொறந்து கேளுங்க, பாதி விலைக்குக் குடுப்பாங்க.