ஆகஸ்ட் 15-ஆ, ஜனவரி 26-ஆ?

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு விழாவுக்குத்தான் நன்கொடை சேரும் என்பதால், சுதந்திர தினமா குடியரசு தினமா என்று குழு முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நான் ஜனவரி 26-க்குக் கைதூக்கினேன். சொற்ப வித்தியாசத்தில் அதுவே வென்றது.

கொடியும் மிட்டாயும் விடுமுறையும் இரண்டு நாளுக்கும் பொது. ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசியில் வருகிறது. தை மாதத்திலோ பொங்கலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சிலராவது தங்கியிருப்பார்கள். (2024-இல் தைப்பூசம் ஜனவரி 25-இல் வந்ததுபோல் வந்தால், பாதி ஊர் காவடியோடு பழனியில் இருக்கும் என்பது வேறு.)

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரு காசு. அப்பத்தாவின் பெட்டகத்தில் கிடந்த 1947-ஆம் ஆண்டு ரூபாய் அது: ஒரு பக்கம் புலி, மறுபக்கம் முடிசூடிய ஆறாம் ஜார்ஜின் தலை. அதைப் புரட்டிப் பார்த்த ஒரு பையன், "சுதந்திரம் வந்த வருஷத்துக் காசுல ராசா எதுக்கு ஐயா?" என்று கேட்டான். ஆகஸ்ட் 15-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்று ஆட்சி நம் கைக்கு வந்தாலும் நாட்டின் தலைமை அந்த மன்னரிடமே இருந்தது. அவர் பெயரால் முதலில் மவுண்ட்பேட்டனும், 1948 ஜூன் முதல் நம் ராஜாஜியும் கவர்னர் ஜெனரலாக இருந்தார்கள். 1950 ஜனவரி 26-இல் அந்தப் பதவி ஒழிந்து ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரான பிறகே, மன்னர் தலை இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்களைத் தாங்கிய காசுகள் வந்தன. மேலும், 1930-இலேயே காங்கிரஸ் முழு விடுதலை நாளாகக் கொண்டாடியது ஜனவரி 26-ஐத்தான்; 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட அரசமைப்பு, முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்ததும் அந்தத் தேதிக்காகவே.

எங்கள் பக்கத்தவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன நாடுகளை நினைத்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். பர்மா 1948 ஜனவரி 4-இல் விடுதலை பெற்ற அன்றே குடியரசானது. அடுத்த மாதம் விடுதலை பெற்ற இலங்கையோ 1972 மே 22 வரை பிரிட்டிஷ் முடியின் கீழேயே இருந்தது. ஆனால் பர்மாவில் அதே 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டதால், அங்கே வயல் வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களுக்குக் குடியரசு என்ற சொல் அவ்வளவாக இனிக்கவில்லை. அவர்கள் மனக்கசப்பை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆகஸ்டின் பக்கமும் வலுவானதுதான். 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்ததும், துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டதும் இங்கே வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை. ஜனவரிக்கு அப்படி மண்ணோடு ஒட்டிய நினைவு எங்கள் பக்கம் இல்லை. ஒரே ஒரு விழா நடத்திய அனுபவத்தில், கூட்டம் எதற்கு அதிகம் வரும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இப்போதைக்கு ஆகஸ்டில் கொடியேற்றி மிட்டாய் மட்டும் கொடுக்கிறோம். காசு அடுத்த தை வரை பெட்டகத்துக்குள் இருக்கிறது.