பழைய என்லார்ஜர் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் அனுப்பும் படத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள்

சிங்கப்பூரில் 4x5 இன்ச் நெகட்டிவை டார்க்ரூமில் என்லார்ஜர் வைத்து (நெகட்டிவின் படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) பிரிண்ட் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் இன்னொருவரும் இப்படி ஏமாறக் கூடாது.

ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராக் கடையில் 150 எம்எம் லென்ஸ் 400 வெள்ளிக்கு வந்தது. 4x5க்கு அந்த அளவுதான் சரி. 105 எம்எம் எல்லாம் 6x9 செ.மீ. நெகட்டிவ் வரைதான், அதற்கு மேல் மூலை இருட்டிவிடும். "உள்ளே ஃபங்கஸ் இருக்கா அண்ணே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சுத்தமா இருக்கு தம்பி, நம்ம ஆளுக்கே பொய் சொல்வேனா?" என்றார். படங்களும் அனுப்பினார்.

பார்சல் வந்ததும் அபெர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் போகும் துவாரம்) எஃப்/5.6க்கு, அதாவது முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, நடுவில் வெள்ளைப் படலம். அவர் அனுப்பிய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தால், எல்லாமே துவாரத்தைச் சுருக்கி எஃப்/22இல் எடுத்தவை. அபெர்ச்சர் இதழ்கள் அழுக்கை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. இது தெரியாமல் நடந்ததில்லை.

அந்த லென்ஸில் பிரிண்ட் போட்டால் வெள்ளைச் சட்டை சாம்பலாக வருகிறது. கேமரா லென்ஸில் படலம் இருந்தால் கறுப்புதான் வெளுக்கும். என்லார்ஜரில் நேர்மாறு: நெகட்டிவின் தெளிந்த பகுதி வழியே வரும் வெளிச்சம் சிதறி, பேப்பரில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் விழுகிறது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் ஃபில்டரை 4, 5 என்று ஏற்றினாலும் அந்த மங்கல் முழுதாகப் போகாது.

திருப்பிக் கேட்டால் "பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் (பழுதான பொருளை விற்ற கடையைப் பொறுப்பாக்கும் சட்டம்) கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு. 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதையும் மனதில் வையுங்கள்.

கம்போனான்-எஸ், ரோடகான், எல்-நிக்கோர் என எந்த என்லார்ஜர் லென்ஸை வாங்கினாலும் சரி, அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னால் டார்ச் அடித்து எடுத்த வீடியோ கேளுங்கள். தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். "ஃபங்கஸ் இல்லை" என்பதை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். என்னிடம் அது இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் பதிலோடு பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் அடுத்து சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்தான்.